போட்டி நிறுவனத்துக்குப் போகும் ஊழியர்: எது நிறுவனத்தின் ரகசியம், எது அவருடைய திறமை?

ஒரு நிறுவனத்தில் பல ஆண்டுகள் பணியாற்றிய பொறியாளரோ விற்பனை மேலாளரோ ராஜினாமா கடிதம் கொடுத்துவிட்டுப் போட்டி நிறுவனத்தில் சேரப்போகிறார் என்று தெரிந்தவுடன், அவர் எதையெல்லாம் எடுத்துக்கொண்டு போகிறார் என்ற கேள்விதான் நிர்வாகத்துக்கு முதலில் எழுகிறது. அந்தக் கேள்விக்குள் மூன்று கேள்விகள் அடங்கியிருக்கின்றன. வரைபடங்கள், மென்பொருள் நிரல்கள், விலைப் பட்டியல்கள், வாடிக்கையாளர் விவரங்கள் போன்ற கோப்புகளை அவர் நகலெடுத்துச் செல்கிறாரா என்பது ஒன்று. கோப்பு எதையும் தொடாமலேயே, அடுத்த ஆண்டுக்கான விலைத் திட்டம் என்ன, எந்தச் சோதனை ஏன் தோற்றது, எந்த வாடிக்கையாளர் அதிருப்தியில் இருக்கிறார் என்பன போன்ற தகவல்களை நினைவில் வைத்துக்கொண்டு போகிறாரா என்பது இன்னொன்று. அத்தனை ஆண்டு உழைப்பில் அவருடைய கையிலும் கண்ணிலும் படிந்துவிட்ட தொழில் பக்குவத்தை என்ன செய்வது என்பது மூன்றாவது.

கோப்புகள் நிறுவனத்தின் சொத்து என்பதில் அநேகமாக எந்த நாட்டுச் சட்டத்துக்கும் ஐயம் இல்லை. தொழில் பக்குவம் அந்த மனிதருக்கே உரியது என்பதையும் நீதிமன்றங்கள் நெடுங்காலமாகவே ஒப்புக்கொண்டு வந்திருக்கின்றன. நடுவில் இருக்கும் நினைவுதான் சிக்கலானது; பெரும் வழக்குகளில் பல அதைப் பற்றியவையே. ஊழியர் விலகிய பிறகு வழக்கறிஞரை அழைத்து, நோட்டீஸ் அனுப்பி, தடையாணை கேட்டு அறிவைக் காப்பாற்றிவிடலாம் என்று பல நிர்வாகங்கள் நம்புகின்றன. அந்த நேரத்தில் சட்டத்தால் மீட்டுத் தரக்கூடியது மிகக் குறைவு என்பதும், அந்தக் குறைவானதுகூட அவர் வேலையில் இருந்த காலத்தில் நிறுவனம் என்ன செய்து வைத்திருந்தது என்பதைப் பொறுத்தே கிடைக்கிறது என்பதும் வழக்குகளை வரிசையாகப் படிக்கும் எவருக்கும் புலப்படும்.

ஆட்களையே கட்டிவைத்த காலம்

அறிவைக் காக்க வேண்டுமானால் அறிந்தவரையே வெளியே விடக்கூடாது என்ற எண்ணம் மிகப் பழையது. வெனிஸ் குடியரசு 1291-இல் தன் கண்ணாடி உலைகளை மூரானோ தீவுக்கு மாற்றியது. நகரில் தீ விபத்தைத் தவிர்ப்பது அதற்கு ஒரு காரணம் என்றாலும், கைவினைஞர்கள் அனைவரும் ஒரே தீவில் அரசின் கண்பார்வையில் இருந்தது தொழில் ரகசியங்களைக் காக்கவும் உதவியது. அனுமதியின்றி வெளிநாடு சென்று தொழில் நடத்தும் கண்ணாடிக் கைவினைஞர்களுக்குக் கடும் தண்டனை என்று சட்டமும் இருந்தது. இத்தனை இருந்தும், பதினான்காம் லூயியின் அமைச்சர் கோல்பேர் 1660-களில் மூரானோவிலிருந்து கைவினைஞர்களைப் பணம் கொடுத்து வரவழைத்து, 1665-இல் தொடங்கப்பட்ட பிரெஞ்சு அரச ஆடி ஆலையில் அமர்த்தினார். வெர்சாய் அரண்மனையின் புகழ்பெற்ற ஆடி மண்டபத்துக்கான ஆடிகள் அந்த ஆலையில் செய்யப்பட்டவை.

நூற்றாண்டு கடந்து பிரிட்டன் இதே வழியில் போனது. நூற்பு இயந்திரங்களையும் அவற்றின் வரைபடங்களையும் ஏற்றுமதி செய்வதற்கும், அத்தொழில் தெரிந்தவர்கள் நாட்டை விட்டுக் குடிபெயர்வதற்கும் அது தடை விதித்திருந்தது. நீர்விசை நூற்பு இயந்திரத்துக்குப் பெயர்பெற்ற ஆர்க்ரைட்டின் கூட்டாளியாக இருந்த ஜெடிடியா ஸ்ட்ரட்டிடம் தொழில் பயின்ற சாமுவேல் ஸ்லேட்டர் என்ற இளைஞர், 1789-இல் தாள் ஒன்றும் எடுத்துச் செல்லாமல் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார். மறு ஆண்டே ரோட் ஐலண்டின் பாட்டக்கெட்டில் நீர்விசையால் இயங்கும் நூற்பு இயந்திரங்கள் அவருடைய நினைவிலிருந்து உருப்பெற்று ஓடத் தொடங்கின. துறைமுகத்தில் அவருடைய பெட்டியை எத்தனை முறை சோதித்திருந்தாலும் எதுவும் அகப்பட்டிருக்காது. கைவினைஞர்கள் மீதான குடிபெயர்வுத் தடையை 1824-இல் பிரிட்டனே நீக்கிவிட்டது.

சட்டம் எதை ரகசியம் என்கிறது?

இன்று நிறுவனங்கள் சார்ந்திருக்கும் சட்ட அடிப்படை வேறு வகையானது. அது மனிதரை விட்டுவிட்டுத் தகவலைப் பிடிக்கிறது. 1995-இல் நடைமுறைக்கு வந்த உலக வணிக அமைப்பின், அறிவுசார் சொத்துரிமை பற்றிய டிரிப்ஸ் ஒப்பந்தத்தின் 39-ஆவது பிரிவு, வெளியிடப்படாத தகவலுக்குப் பாதுகாப்புக் கிடைக்க மூன்று நிபந்தனைகளை வைக்கிறது. அந்தத் தகவல் அத்துறையில் இருப்பவர்களுக்குப் பொதுவாகத் தெரியாததாக இருக்க வேண்டும். ரகசியமாக இருப்பதாலேயே அதற்கு வணிக மதிப்பு இருக்க வேண்டும். அதை ரகசியமாக வைத்திருக்க உரியவர் நியாயமான முயற்சிகளை எடுத்திருக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2016-ஆம் ஆண்டு வணிக ரகசிய நெறிமுறையும், அதே ஆண்டு அமெரிக்கா கொண்டுவந்த கூட்டாட்சிச் சட்டமும் ஏறத்தாழ இந்த வடிவத்தையே பின்பற்றுகின்றன.

காப்புரிமையோடு ஒப்பிட்டால் இதன் வேறுபாடு தெளிவாகும். காப்புரிமை பெறுபவர் தன் கண்டுபிடிப்பை உலகுக்கு வெளிப்படையாக விளக்கிவிட்டு, அதற்கு ஈடாக விண்ணப்ப நாளிலிருந்து பொதுவாக 20 ஆண்டு தனியுரிமை பெறுகிறார். அதன் விவரம் தெரிந்த ஊழியர் எங்கே போனாலும் அந்த உரிமைக்குக் குறைவு வருவதில்லை. வணிக ரகசியத்துக்குக் கால வரம்பு கிடையாது, பதிவும் கிடையாது; ஆனால் ஒருமுறை பகிரங்கமாகிவிட்டால் அதைத் திரும்ப ரகசியமாக்க முடியாது. ஆகவே ஒரு பொருளைப் பிரித்துப் பார்த்தாலே புரிந்துவிடக்கூடிய நுட்பத்துக்குக் காப்புரிமையும், ஆலைக்குள்ளேயே அடங்கிவிடும் செய்முறைக்கு ரகசியமும் பொருந்தும் என்பது பொதுவான கணக்கு. ஆட்கள் அடிக்கடி மாறும் துறையில் இந்தக் கணக்கு காப்புரிமையின் பக்கம் சாய்கிறது.

டிரிப்ஸின் மூன்று நிபந்தனைகளில் கடைசியானதுதான் நிறுவனங்களை நீதிமன்றத்தில் தடுக்கி விழச் செய்கிறது. தன் உயிர்நாடி என்று ஒரு நிறுவனம் இன்று வர்ணிக்கும் செய்முறை ஆவணம், நேற்றுவரை பயிற்சிக்கு வந்த மாணவர் உட்பட எல்லோரும் திறக்கக்கூடிய பொதுக் கோப்புறையில் கிடந்திருந்தால், எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்கு அதைவிட வேறு ஆயுதம் தேவையில்லை. கடவுச்சொல்லை ஒரு பிரிவே பகிர்ந்துகொண்டிருப்பது, ரகசியக் காப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்காமலே ஒப்பந்தக்காரரை உள்ளே விடுவது, விலகியவரின் கணக்கை மாதக்கணக்கில் மூடாமல் வைத்திருப்பது ஆகிய ஒவ்வொன்றும் நியாயமான முயற்சி எடுத்ததாகச் சொல்லும் வாதத்தை வலுவிழக்கச் செய்கிறது. இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. எல்லா மின்னஞ்சலின் அடியிலும் ‘மிக ரகசியம்’ என்று தானாக அச்சாகும்படி செய்துவிட்டால், உண்மையான ரகசியம் எது என்று ஊழியருக்கும் தெரிவதில்லை, நீதிபதிக்கும் தெரிவதில்லை. எவை உண்மையிலேயே ரகசியம் என்று முன்கூட்டியே உட்கார்ந்து பட்டியலிட்டு, அவற்றை யார் பார்க்கலாம் என்று வரையறுத்து, யார் எப்போது திறந்தார்கள் என்பதற்குப் பதிவு வைத்திருக்கும் நிறுவனத்துக்குத்தான் இந்தச் சட்டம் பயன்படுகிறது.

ரகசியத்துக்கும் அன்றாடத் தொழில் அறிவுக்கும் இடையிலான கோடு எங்கே விழுகிறது என்பதைக் காட்ட, இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் 1986-இல் தீர்த்த ஃபசெண்டா சிக்கன் வழக்கு இன்றும் எடுத்தாளப்படுகிறது. குளிர்சாதன வண்டிகளில் கோழி இறைச்சியைக் கொண்டுபோய் விற்கும் நிறுவனம் அது. அதன் விற்பனை மேலாளர் விலகி அதே வகைத் தொழிலைத் தொடங்கினார். பழைய நிறுவனத்தின் ஊழியர்கள் சிலரும் அவரோடு போனார்கள். வாடிக்கையாளர்களின் பெயர்கள், வண்டி செல்லும் வழிகள், எந்த வாடிக்கையாளருக்கு எந்த நாளில் எந்த நேரத்தில் எவ்வளவு தேவை, யாருக்கு என்ன விலை என்ற விவரங்களை அவர்கள் தவறாகப் பயன்படுத்திவிட்டதாக நிறுவனம் வழக்குத் தொடுத்தது. போட்டியைத் தடுக்கும் விதி எதுவும் அவர்களுடைய ஒப்பந்தத்தில் இல்லை. ஓட்டுநரும் விற்பனையாளரும் அன்றாடம் வேலை செய்வதாலேயே அந்த விவரங்களை அறிந்துகொண்டார்கள், நிறுவனமும் அவற்றைத் தனி ரகசியமாக நடத்தியதில்லை என்பதால் வழக்குத் தோற்றது. வேலையில் இருக்கும்வரை வெளியே சொல்லக்கூடாத தகவல் வேறு, வேலையை விட்ட பிறகும் பயன்படுத்தக்கூடாத வணிக ரகசியம் வேறு என்ற பாகுபாட்டை அந்தத் தீர்ப்பு நிலைநிறுத்தியது. உழைத்துக் கற்றதைக் கொண்டு பிழைக்கும் உரிமையைச் சாதாரண ஊழியரிடமிருந்து பறிக்கக்கூடாது என்ற அக்கறை அதன் அடியில் இருக்கிறது. அது சரியான அக்கறை என்றே நான் கருதுகிறேன்.

கோப்பு பேசும் சாட்சி

கோப்புகளை எடுத்துச் சென்ற வழக்குகளில் நிறுவனத்தின் நிலை மிக வலுவானது. கூகுளின் தானியங்கி கார் திட்டத்தில் முன்னணிப் பொறியாளராக இருந்த ஆன்டனி லெவண்டோவ்ஸ்கி 2016 ஜனவரியில் விலகி ஒரு புதிய நிறுவனத்தைத் தொடங்கினார். அதே ஆண்டிலேயே ஊபர் அதை வாங்கியது. அத்திட்டத்திலிருந்து உருவான வேமோ நிறுவனம் 2017 பிப்ரவரியில் ஊபர் மீது வழக்குத் தொடுத்தபோது, விலகுவதற்குச் சில வாரங்களுக்கு முன் அவர் சுமார் 14,000 கோப்புகளைப் பதிவிறக்கம் செய்திருந்ததாகச் சொன்னது. சர்வரில் பதிவான தடங்கள்தான் அதற்கு ஆதாரம். சந்தேகம் வலுத்ததும் ஒரு சிறு தற்செயலால்தான்: உதிரிப்பாகம் வழங்கும் நிறுவனம் ஒன்று, ஊபருக்கான லேசர் உணரியின் மின்சுற்றுப் பலகை வரைபடம் இணைக்கப்பட்ட மின்னஞ்சலைத் தவறுதலாக வேமோ ஊழியருக்கும் அனுப்பிவிட்டது, அந்த வரைபடம் தங்கள் வடிவமைப்பைப் போலவே இருப்பதாக வேமோ கருதியது. 2018 பிப்ரவரியில், விசாரணை தொடங்கிய சில நாட்களிலேயே, சுமார் 24.5 கோடி டாலர் மதிப்புள்ள ஊபர் பங்குகளை வேமோவுக்குத் தருவதாகச் சமரசம் ஏற்பட்டது. லெவண்டோவ்ஸ்கி 2020-இல் வணிக ரகசியத் திருட்டுக் குற்றச்சாட்டு ஒன்றை ஒப்புக்கொண்டு 18 மாதச் சிறைத்தண்டனை பெற்றார். 2021 ஜனவரியில் அதிபர் டிரம்ப் அவருக்கு மன்னிப்பு வழங்கினார்.

இத்தகைய வழக்குகளின் தடயங்கள் ஒன்றுபோலவே இருக்கின்றன. ராஜினாமாவுக்கு முந்தைய சில வாரங்களில் வழக்கத்துக்கு மாறான அளவில் பதிவிறக்கம், நள்ளிரவில் சர்வருக்குள் நுழைவு, சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பிய இணைப்புகள், பென்டிரைவ் செருகப்பட்ட பதிவு, தனிப்பட்ட கிளவுட் சேமிப்பில் ஏற்றிய கோப்புறை, திருப்பித் தரும் முன் முழுவதுமாக அழிக்கப்பட்ட மடிக்கணினி ஆகியவற்றைத்தான் விசாரணையாளர்கள் முதலில் தேடுகிறார்கள். அதனால்தான் அனுபவமுள்ள நிறுவனங்கள், முக்கியப் பொறுப்பில் இருந்தவர் விட்டுச்சென்ற கணினியை உடனே துடைத்து அடுத்தவருக்குக் கொடுப்பதில்லை. அதன் வன்தட்டைப் படியெடுத்துச் சில மாதங்கள் வைத்திருக்கின்றன. சிக்கனம் கருதி மறுநாளே அதை வேறு ஊழியருக்குக் கொடுத்துவிடும் நிறுவனம், பின்னால் சந்தேகம் எழும்போது தன் ஆதாரத்தைத் தானே அழித்துவிட்டதை உணர்கிறது.

கோப்புகளை எடுத்துச் செல்பவர்கள் எல்லோரும் திருட்டு நோக்கம் கொண்டவர்கள் அல்லர் என்பதையும் சொல்ல வேண்டும். தான் இரவு பகலாக உழைத்து உருவாக்கிய வரைபடத்தைத் தன் வேலையின் மாதிரியாக வைத்துக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. குடும்பப் படங்களைப் படியெடுக்கும்போது முழுக் கோப்புறையையும் இழுத்துவிடுபவர்களும் உண்டு. விலகும் நாளில் நடக்கும் நேர்காணலில், எவற்றைத் திருப்பித் தர வேண்டும், எவற்றை எடுத்துச் செல்லலாம் என்று மரியாதையோடு விளக்கி, தனிப்பட்ட கோப்புகளைப் பிரித்தெடுக்க உதவியாள் ஒருவரையும் கொடுத்தால் பெரும்பாலான சச்சரவுகள் அங்கேயே தீர்ந்துவிடும். பல இடங்களில் அந்த நேர்காணல் மனிதவளத் துறையின் படிவம் ஒன்றில் கையெழுத்து வாங்கும் சடங்காகச் சுருங்கிவிட்டது.

தலைக்குள் இருப்பதை என்ன செய்வது?

எந்தக் கோப்பும் போகாதபோது வழக்கு கடினமாகிறது. 1994-இல் பெப்சிகோவின் கலிஃபோர்னியாப் பிரிவில் பொது மேலாளராக இருந்த வில்லியம் ரெட்மண்ட், கேட்டரேட் பானத்தை விற்றுவந்த குவேக்கர் நிறுவனத்தில் சேர முடிவு செய்தார். அடுத்த ஆண்டுக்கான விலை, விளம்பர, விநியோகத் திட்டங்கள் அவருக்குத் தெரியும். அவர் எதையும் திருடியதாக யாரும் சொல்லவில்லை. ஆனாலும் புதிய வேலையில் முடிவெடுக்கும்போது அந்தத் திட்டங்களைச் சாராமல் அவரால் இருக்கவே முடியாது என்று பெப்சிகோ வாதிட்டது. அமெரிக்காவின் ஏழாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் 1995-இல் அந்த வாதத்தை ஏற்று, அந்த ஆண்டு மே மாதம்வரை அவர் அந்தப் பொறுப்பை ஏற்கக்கூடாது என்ற தடையை உறுதி செய்தது. அவர் வேண்டுமென்றே வெளியிடாவிட்டாலும் தகவல் தவிர்க்க இயலாமல் வெளிப்பட்டுவிடும் என்ற இந்தக் கோட்பாட்டைக் கலிஃபோர்னிய நீதிமன்றங்கள் ஏற்கவில்லை. 2016-ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டமும், ஒருவருக்கு என்ன தெரியும் என்பதை மட்டும் வைத்து அவருடைய புதிய வேலைக்கு நிபந்தனை விதிக்க முடியாது, முறைகேட்டுக்கான அச்சுறுத்தல் இருப்பதற்குச் சான்று வேண்டும் என்று வரையறுத்தது.

பெப்சிகோ வழக்கில் தடை சில மாதங்களுக்கு மட்டுமே இருந்ததைக் கவனிக்க வேண்டும். ஓராண்டு விலைத் திட்டம் ஓராண்டில் பழையதாகிவிடும். தொழில்நுட்ப ஆராய்ச்சியில் கணக்கு வேறு. கணினிச் சிப்புகள் தயாரிக்கும் தைவானின் டிஎஸ்எம்சி நிறுவனத்தில் ஆராய்ச்சித் தலைவர்களில் ஒருவராக இருந்த லியாங் மோங்சோங் 2009-இல் விலகினார். போட்டி நிறுவனத்தில் சேர அவருக்கு இருந்த இரண்டாண்டுத் தடைக்காலம் முடிந்த பின், 2011-இல் சாம்சங்கில் சேர்ந்தார். ஒப்பந்தக் காலம் முடிந்துவிட்டபோதும் டிஎஸ்எம்சி வழக்குத் தொடுத்தது. 2015-இல் தைவான் உச்ச நீதிமன்றம், அந்த ஆண்டின் இறுதிவரை அவர் சாம்சங்கில் பணியாற்றக்கூடாது என்ற தடையை நிலைநிறுத்தியது. தீர்ப்பு இறுதியாகும்போது மிச்சமிருந்தவை சில மாதங்களே. சட்டரீதியாக வென்ற நிறுவனத்துக்குக் காலம் ஏற்கெனவே கடந்துபோயிருந்தது. 2017-இல் அவர் சீனாவின் சிப் தயாரிப்பு நிறுவனமான எஸ்எம்ஐசியின் இணைத் தலைமைச் செயல் அலுவலரானார்.

இந்த நிச்சயமின்மையைத் தவிர்க்கத்தான் நிறுவனங்கள் வேலைக்குச் சேரும்போதே போட்டித் தடை விதியில் கையெழுத்து வாங்குகின்றன. அந்த விதியின் மீது நீதிபதிகளுக்கு இருக்கும் ஐயமும் பழையதே. 1414-இல் இங்கிலாந்தில், அரையாண்டுக்கு ஓர் ஊரில் தன் தொழிலைச் செய்வதில்லை என்று உறுதி கொடுத்திருந்த சாயத் தொழிலாளி ஒருவர் மீதான வழக்கில், அப்படியோர் உறுதியை வாங்கிய வாதி இங்கே இருந்திருந்தால் அபராதம் கட்டும்வரை சிறைக்கு அனுப்பியிருப்பேன் என்று நீதிபதி சினந்தார். இன்று நாட்டுக்கு நாடு நிலை வேறுபடுகிறது. இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872-இன் 27-ஆவது பிரிவு, தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் அந்த அளவில் செல்லாது என்கிறது. ஒப்பந்தப் பணிக்காலம் முடியும் முன்னரே போட்டி ஆலைக்குப் போன டயர் நூல் ஆலைக் கண்காணிப்பாளர் ஒருவர் மீதான தடையை 1967-இல் ஏற்ற இந்திய உச்ச நீதிமன்றம்கூட, அந்தத் தடை பணிக்காலத்துக்குள் மட்டுமே செல்லும் என்பதாலேயே ஏற்றது. கலிஃபோர்னியாவிலும் 1872-இலிருந்து இதே நிலைதான். ஜெர்மனியின் வணிகச் சட்டம் போட்டித் தடையை அதிகபட்சம் இரண்டாண்டுக்கு அனுமதிக்கிறது. ஆனால் அந்தக் காலம் முழுவதும் ஊழியர் கடைசியாகப் பெற்ற ஊதியத்தில் பாதியையாவது நிறுவனம் கொடுக்க வேண்டும். சீனாவின் 2008-ஆம் ஆண்டுத் தொழிலாளர் ஒப்பந்தச் சட்டமும் இரண்டாண்டு வரம்பையும் மாதாமாதம் இழப்பீட்டையும் கட்டாயமாக்கியது.

ஜெர்மனியின் வழி இவற்றுள் நியாயமானதாக எனக்குப் படுகிறது. ஒருவருடைய பிழைப்பைத் தடுத்து வைப்பதற்கு விலை கொடுக்க வேண்டும் என்றால், உண்மையிலேயே தேவைப்படும் இடத்தில் மட்டுமே நிறுவனம் அதைக் கேட்கும். விலை இல்லாதபோது என்ன நடக்கும் என்பதற்கு அமெரிக்க அனுபவம் சாட்சி. ஜிம்மி ஜான்ஸ் என்ற உணவகச் சங்கிலி, சாண்ட்விச் தயாரிக்கும் ஊழியர்களிடம்கூடப் போட்டித் தடையில் கையெழுத்து வாங்கி, மாநில அரசு வழக்கறிஞர்கள் தலையிட்ட பிறகு 2016-இல் அதைக் கைவிட்டது. ஏறத்தாழ மூன்று கோடித் தொழிலாளர்கள், அதாவது ஐந்தில் ஒருவர், இத்தகைய விதிகளால் கட்டுப்பட்டிருப்பதாகக் கணக்கிட்ட அமெரிக்கக் கூட்டாட்சி வர்த்தக ஆணையம், 2024 ஏப்ரலில் அவற்றுக்குப் பொதுத் தடை அறிவித்தது. ஆகஸ்டில் டெக்சஸ் கூட்டாட்சி நீதிமன்றம் அந்த அறிவிப்பை ரத்து செய்தது. 2025 செப்டம்பரில் ஆணையம் தன் மேல்முறையீட்டைக் கைவிட்டது.

ஊழியரிடம் கையெழுத்து வாங்காமல், நிறுவனங்கள் தமக்குள்ளேயே கைகுலுக்கிக்கொண்டு ஒருவர் ஆளை மற்றவர் இழுப்பதில்லை என்று பேசிவைத்துக்கொண்டதும் உண்டு. ஆப்பிள், கூகுள், இன்டெல், அடோபி ஆகிய நிறுவனங்கள் இப்படிச் செய்ததாகத் தொடுக்கப்பட்ட வழக்கில், 2015-இல் 41.5 கோடி டாலர் இழப்பீட்டுக்கு நீதிமன்றம் ஒப்புதல் அளித்தது. இத்தனைக்கும் அவை இருக்கும் கலிஃபோர்னியாவின் சிலிக்கான் பள்ளத்தாக்கு வட்டாரமே ஆட்கள் விலகிப் போனதால் வளர்ந்தது. 1957-இல், டிரான்சிஸ்டரைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான ஷாக்லியின் ஆய்வகத்திலிருந்து எட்டுப் பேர் விலகி ஃபேர்சைல்டு என்ற குறைக்கடத்தி நிறுவனத்தைத் தொடங்கினார்கள். அங்கிருந்து விலகிய நாய்சும் மூரும் 1968-இல் இன்டெல்லைத் தொடங்கினார்கள். போட்டித் தடை செல்லாது என்ற கலிஃபோர்னியச் சட்டம் இந்தப் பெருக்கத்துக்குத் துணை செய்ததா என்பதைப் பொருளாதார ஆய்வாளர்கள் நெடுங்காலமாக விவாதித்து வருகிறார்கள். அங்கே வேலைக்கு ஆள் எடுக்கும் நிறுவனம், தன் ஆளும் ஒருநாள் போவார் என்று தெரிந்தே எடுக்கிறது.

வேலையில் இருக்கும்போதே

இங்கிலாந்தில் பரவலாக உள்ள ஒரு நடைமுறையில், நோட்டீஸ் காலம் முழுவதும் ஊழியருக்கு முழுச் சம்பளம் கொடுத்து, அலுவலகத்துக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிடுவார்கள். அவர் இன்னமும் ஊழியர் என்பதால் போட்டி நிறுவனத்துக்கு வேலை செய்ய முடியாது. அவருக்குத் தெரிந்த விலைகளும் திட்டங்களும் அதற்குள் பழசாகிவிடும். ஊழியருக்குத் தரும் நிறுவனப் பங்குகளை நான்கு ஆண்டுகளில் பகுதி பகுதியாக உரிமையாக்கும் முறையும் ஆளைத் தக்கவைக்கவே. இவை பயன் தருபவைதான், ஆனால் காலத்தை மட்டுமே வாங்கித் தருபவை. அந்தக் காலத்தில் அறிவு ஒருவர் தலையிலிருந்து பலர் தலைக்குப் பரவியிருக்கிறதா என்பதே அடுத்த கேள்வி.

1970-களில் பிரிட்டிஷ் சமூகவியலாளர் ஹாரி காலின்ஸ் செய்த ஆய்வு இங்கே பொருத்தமானது. கனடாவில் உருவாக்கப்பட்ட ஒருவகை வாயு லேசரைப் பிரிட்டனின் பல ஆய்வகங்கள் செய்ய முயன்றன. அதன் அமைப்பு ஆய்விதழ்களில் வெளியாகியிருந்தது. ஆனால் கட்டுரைகளை மட்டும் படித்து லேசரை இயங்க வைத்தவர் எவரும் இல்லை என்று காலின்ஸ் கண்டார். ஏற்கெனவே அதைச் செய்து இயக்கியவர்களோடு நேரில் பழகி, ஆய்வகத்துக்குப் போய்ப் பார்த்து, தொலைபேசியில் கேட்டுக்கேட்டுச் செய்தவர்களால்தான் முடிந்தது. மின்தேக்கியிலிருந்து மின்முனைக்குப் போகும் கம்பி எவ்வளவு குறுகியதாக இருக்க வேண்டும் என்பது போன்ற நுணுக்கங்கள், அவற்றைச் செய்தவர்களுக்கே சொல்லத் தக்கவையாகத் தோன்றியதில்லை. பொருளுக்கு உயிர் கொடுத்தவை அவைதான்.

இதில் நிறுவனத்துக்கு ஆறுதலும் உண்டு, எச்சரிக்கையும் உண்டு. ஒரே ஒரு பொறியாளர் கோப்புகளோடு போனாலும், அவரைச் சூழ்ந்திருந்த குழு, கருவிகள், பொருள் வழங்குபவர்கள், தோல்விகளின் நினைவு எல்லாம் இங்கேயே இருப்பதால் போட்டியாளர் உடனே அதே பொருளைச் செய்துவிட முடிவதில்லை. ஆகவே தனி ஆளைவிட ஒரு குழு மொத்தமாகப் போவதைத்தான் நிறுவனங்கள் உண்மையில் அஞ்ச வேண்டும். ஆனால் அந்த நெளிவுசுளிவுகள் ஒருவரிடம் மட்டுமே இருந்தால், அவர் விலகும்போது போட்டியாளருக்குக் கிடைப்பதைவிட இங்கே தொலைந்துபோவது அதிகம். உலையின் சத்தம் மாறுவதைக் கேட்டே வெப்பநிலையைச் சரிசெய்யும் மூத்த ஊழியர் ஒருவர் போய்விட்டால், எந்தத் தடையாணையும் மறுநாள் காலை அந்த உலையை ஒழுங்காக ஓட வைக்காது. இரண்டு பேரை ஒரே வேலையில் சேர்த்து அமர்த்துவது, பொறுப்புகளைச் சுழற்சி முறையில் மாற்றுவது, தோற்றுப்போன சோதனைகளையும் காரணத்தோடு எழுதிவைக்கச் செய்வது, நோட்டீஸ் காலத்தை வாரிசுக்குக் கற்றுக்கொடுக்கும் காலமாக்குவது ஆகியவை விளம்பரமில்லாத வேலைகள். வழக்குச் செலவில் ஒரு சிறு பங்கு போதும் இவற்றுக்கு. நோட்டீஸ் கொடுத்த நாளிலேயே காவலாளி துணையோடு வாசலுக்கு அனுப்பப்பட்டவர் யாருக்கும் எதையும் கற்றுக்கொடுக்க மாட்டார் என்பதையும் நிர்வாகங்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இதற்கு மறுபுறமும் உண்டு. ரகசியத்தைக் காக்க, ஒவ்வொருவருக்கும் செய்முறையின் ஒரு பகுதியை மட்டும் காட்டுவது பல ஆலைகளின் வழக்கம். அது கசிவைக் குறைக்கிறது. கூடவே, பக்கத்துப் பிரிவின் தவறை இந்தப் பிரிவு கண்டுபிடிக்கும் வாய்ப்பையும் குறைக்கிறது. எந்தப் பகுதியை மூடுவது, எதைத் திறந்து விடுவது என்பதை அந்தத் தொழிலின் உள்ளே இருப்பவர்களே முடிவு செய்ய வேண்டும். பாதுகாப்புத் துறையிடம் மட்டும் விட்டால் எல்லாம் மூடப்பட்டுவிடும்.

அழைத்துக்கொள்ளும் நிறுவனத்தின் கடமை

அடுத்த நிறுவனத்திலிருந்து ஆளை எடுக்கும் நிறுவனமும் இதே அக்கறையோடு நடக்க வேண்டியிருக்கிறது. 2006-இல் கோகோ கோலாவின் ரகசிய ஆவணங்களை விற்க முன்வந்த கடிதம் ஒன்று பெப்சிக்கு வந்தபோது, பெப்சி அதைக் கோகோ கோலாவிடமே ஒப்படைத்தது. அமெரிக்கக் கூட்டாட்சிப் புலனாய்வுத் துறை தலையிட்டு, உள்ளிருந்து ஆவணம் எடுத்த ஊழியர் தண்டிக்கப்பட்டார். இதற்கு மாறாக, கெவ்லார் என்ற வலுவான இழையின் தொழில்நுட்பத்துக்காக டூபான்ட்டின் முன்னாள் ஊழியர்களை ஆலோசகர்களாக அமர்த்திய தென்கொரியாவின் கோலான் நிறுவனம், 2015-இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு 8.5 கோடி டாலர் அபராதமும் 27.5 கோடி டாலர் இழப்பீடும் கொடுக்க நேர்ந்தது. அவர்களுக்குக் கொடுத்திருக்கக்கூடிய எந்த ஆலோசனைக் கட்டணமும் இந்தத் தொகைக்கு அருகில் வராது.

கவனமாக நடக்கும் நிறுவனம், வேலை உறுதிக் கடிதத்திலேயே, முந்தைய இடத்தின் ஆவணம் எதையும் கொண்டுவரக் கூடாது என்று எழுதிக் கையெழுத்து வாங்குகிறது. நேர்காணலில் பழைய நிறுவனத்தின் விலைகளையோ வடிவமைப்பையோ துருவிக் கேட்க வேண்டாம் என்று கேள்வி கேட்பவர்களுக்கும் சொல்லிவைக்கிறது. தேவையானால் முதல் சில மாதங்கள் வந்தவரை நேரடிப் போட்டியில்லாத பணியில் அமர்த்துகிறது. பழைய வேலையோடு ஒத்துப்போகும் திட்டம் ஒன்று ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தால், அவர் வருவதற்கு முன் அது எந்த நிலையில் இருந்தது என்பதைத் தேதியோடு பதிவு செய்து வைக்கிறது. நாளை வழக்கு வந்தால், இந்த வடிவமைப்பு எங்கள் ஆட்களே எட்டியது என்று நிறுவ அந்தத் தேதியிட்ட குறிப்பேடுதான் உதவும். புதிதாக வந்தவர் தன் திறமையை அச்சமின்றிப் பயன்படுத்தவும் அதுவே அவருக்குக் காப்பு.